காமாலையும் மதிமயக்கமும்

மஞ்சட்காமாலை என்றதும் நாம் நோயாளியின் கண்ணைப் பார்க்கிறோம், கீழாநெல்லியைத் தேடுகிறோம். அவருடைய பேச்சையும் உறக்கத்தையும் கவனிப்பதில்லை. பேரபாயம் தலைகாட்டும் இடம் அதுவே.

புரத உணவு குடலில் சிதையும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழியச் செய்வது கல்லீரலின் பணி. வைரஸ் கிருமியால் கல்லீரல் மிகவும் பழுதுற்றால், அந்நஞ்சு குருதியில் தங்கி மூளையை எட்டுகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, காரணமற்ற சினம், நாள் கிழமை மறத்தல், நீட்டிய கைகள் சிறகுபோல் படபடத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். முற்றினால் நினைவு தப்பும். இதனைப் பேயின் சேட்டை என்று மந்திரிப்பதும், தூக்க மாத்திரை தருவதும் உயிருக்கே உலை வைக்கும். அரிதாக, ஈ வகைக் காமாலையை அடுத்து நரம்புகள் தாக்குண்டு, கால்களில் தொடங்கும் தளர்ச்சி மேலேறி மூச்சையும் தடுப்பதுண்டு.

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று. நிகோபாரிப் பழங்குடியினரில் நூற்றுக்கு இருபதின்மருக்கு மேல் பி வகைக் கிருமியைத் தாங்கியிருந்தமையை, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கச்சாலிலும் காம்பெல் விரிகுடாவிலும் குடியேறிய தமிழருக்கோ, 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் பெரிய மருத்துவமனை கடல் கடந்த தொலைவு. கப்பலுக்கும் காற்றுக்கும் காத்திருக்கும் ஊரில் ஒரு நாளும் பெரிது. ஆகவே, பேச்சுக் குழறிய அன்றே அருகிலுள்ள சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும்.

கீழாநெல்லியின் செய்தி என்ன? 1988இல் சென்னை ஆய்வாளர்கள் பி வகை நோயில் அதன் பயனைக் குறித்து நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகள் அவற்றை உறுதி செய்யவில்லை. ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமே தணிவன. தானே தணியும் நோய்க்கு எம்மருந்தும் கைகண்ட மருந்தாகவே தோன்றும். மூளை மயங்கிய பின்னர் அந்நம்பிக்கையில் பொழுதைக் கழித்தல் தகாது.

வருமுன் காத்தலும் நம் கையிலுள்ளது. ஏ, ஈ வகைகள் அசுத்த நீராலும் உணவாலும் பரவுவன. நீரைக் கொதிக்கவைத்துப் பருகுவோமாக. பி வகை குருதியாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்தும் தொற்றுவது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசியின் முதல் தவணையை இடுவித்தல் பெற்றோர் கடமை.

நிறத்தை மட்டும் பாராது நினைவையும் பார்ப்போம். உற்றார் தொலைவிலுள்ள நமக்கு, அடுத்த வீட்டாரின் விழிப்பே உறவாகும்.