எரிந்த அங்கி

பிறருடைய நிறுவனங்களைச் சாடுவது கவிஞர்க்கு எளிது. தமக்குச் சோறிடும் நிறுவனத்தைச் சாடுவது அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் ம. சிங்காரவேலர்.

1860-இல் சென்னை மீனவக் குடும்பத்தில் பிறந்து, உயர்நீதிமன்ற வழக்கறிஞராக உயர்ந்தவர். 1921-இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, தம் வழக்கறிஞர் அங்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் தீயிலிட்டார். அப்போது அவர்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வை நாடும் பருவத்தில் வருவாயைத் துறந்தார்! இரண்டே ஆண்டுகளில், 1923 மே 1 அன்று, அதே உயர்நீதிமன்றத்தின் எதிரேயுள்ள கடற்கரையில் தொழிலாளரைக் கூட்டி, இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் ஒரு கூட்டம் நிகழ்ந்தது.

1922 கயா காங்கிரசு மாநாட்டில் தொழிலாளர்க்காகப் பேசினார். 'குடி அரசு' இதழில் மதத்தை மறுத்து அறிவியல் எழுதினார். சுயமரியாதை இயக்கம் நீதிக்கட்சியை ஆதரிக்க முற்பட்டபோது, அந்த நண்பர்களோடும் முரண்பட்டார்.

1924 கான்பூர் சதி வழக்கில் அவருடன் குற்றஞ்சாட்டப்பட்ட எம். என். ராய், 1948-இல் தம் கட்சியையே கலைத்துத் தீவிர மனிதநேயத்தை இயக்கமாக்கினார். 1946-இல் மறைந்த சிங்காரவேலர் அப்பெயரைச் சூடியவரல்லர். ஆயினும் கட்சியினும் மனிதனே பெரியவன் என்னும் நோக்கு அவர் வாழ்விலும் உண்டு.

எண்ணெய்க் கிடங்குகள் சூழ்ந்த இத்தண்டையார்பேட்டையில் பாடுவோர் கோயிலையும் அரசையும் வினவுகின்றனர். சாதிச் சங்கம் போர்த்தும் பொன்னாடையை? தலைவர் இல்லத் திருமணத்திற்கு எழுதித்தரும் வாழ்த்துப்பாவை? கூலிப் பேச்சுவார்த்தையில் ஒப்பந்தத் தொழிலாளியை மறந்துவிடும் சங்கத்தை? அவற்றைப் பற்றிய வரிகள் அருகியே காணப்படுகின்றன.