பேருந்து நேரத்திலிருந்து தொடங்கும் ஒத்திகை

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022ஆம் ஆண்டு முதல் நம் துறை கலைத் திருவிழாவை நடத்தி வருகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் படிப்படியாக நடக்கின்றன. ஆண்டு விழாவும் இருக்கிறது. பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த இசை நாடகம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு நம்மில் பலருக்கு வருகிறது. கதை, பாட்டு, உடை எல்லாவற்றையும் யோசிக்கிறோம். ஒத்திகைக்கு மட்டும் திட்டம் இருப்பதில்லை. “பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாரும் இருங்க” என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரியில் சில பிள்ளைகள் மேடையை இழந்துவிடுகிறார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கே நடித்தார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் கம்பெனியோடு தங்கியிருந்ததால், எந்நேரமும் பாடம் சொல்லிக்கொடுக்க முடிந்தது. நம் பிள்ளைகளோ மாலையில் வீடு போய்ச் சேர வேண்டியவர்கள்.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி நம் கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. வள்ளி முருகன் திருமணக் கதையை ஆசிரியர் பாட, வட்டமாக நின்று ஆடும் வள்ளி கும்மி ஒரு முழு இசை நாடகம்தான். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்கள் இக்கலைக்காக 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆண்கள் மட்டும் ஆடிவந்த வட்டத்துக்குள் பெண்களையும் கொண்டுவந்தவர் அவர். ஊர்களில் இந்தப் பயிற்சி, காட்டு வேலையும் மில் வேலையும் முடிந்து ஆட்கள் வரும் நேரத்தில் நடக்கும். ஆடுபவரின் நேரத்தை ஒட்டியே பயிற்சி நேரம் அமைகிறது. பள்ளிக்கும் இதுவே பொருந்தும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு நல்ல குரல். அவள் ஊருக்கு மாலை 4.30க்கு ஒரு பேருந்து. அதை விட்டால் இருட்டிய பிறகுதான். அப்பாவும் அம்மாவும் மில்லில் ஷிப்ட் வேலை. கூட்டிப்போக ஆளில்லை. “பக்கத்தில் வீடு இருக்கும் பிள்ளையைப் போட்டுவிடலாமே” என்றார்கள் சிலர். நாங்கள் பிள்ளையை மாற்றவில்லை; ஒத்திகை நேரத்தை மாற்றினோம். அந்த ஆண்டு வள்ளியாக அவள்தான் பாடினாள்.

எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில், பாத்திரங்களை முடிவுசெய்யும் முன்பே பிள்ளைகளின் பேருந்து நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டோம். அடுத்து, நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம். மொத்தம் 24 ஒத்திகை, 16 மணி நேரம். முப்பது நிமிட நாடகத்துக்கு இது போதும், ஒரு நிமிடமும் வீணாகாவிட்டால்.

வீணாவது எங்கே? ஐந்து பேர் நடிக்கும் காட்சிக்கு முப்பது பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பதில்தான். ஒரு தாளில் இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே காட்சி எண். யார் எந்தக் காட்சியில் வருகிறார்களோ அங்கே ஒரு குறி. அதைப் பார்த்து, அன்றைய காட்சிக்குத் தேவையானவர்களை மட்டும் அழைத்தோம். மற்றவர்கள் வகுப்பில் இருந்தார்கள். இதனால் பாட ஆசிரியர்களின் முணுமுணுப்பும் பாதியாகக் குறைந்தது.

முதல் எட்டு ஒத்திகை பாட்டுக்கு மட்டும். பாட்டு வாயில் நின்ற பிறகே கால் தாளத்துக்கு வரும். அடுத்த எட்டில் ஆட்டமும் வசனமும் காட்சி காட்சியாக. பிறகு நான்கில் காட்சிகளை இணைத்தோம். கடைசி நான்கும் சலங்கை, ஒலிபெருக்கியோடு முழு நாடகம். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் இன்னொரு பிள்ளை முதல் நாளிலிருந்தே அதே பாட்டைக் கற்றது. காய்ச்சல் வந்தாலும் நாடகம் நிற்காது.

நேரம் எங்கிருந்து கிடைத்தது? மதிய இடைவேளையின் பின்பாதியும் கடைசிப் பாடவேளையும். கணக்கு ஆசிரியர் தந்த பாடவேளைகளைக் குறித்துவைத்து, அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்தோம். கடன் அடைந்தால்தான் அடுத்த முறை கேட்க முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய பாத்திரம் தரவில்லை. ஆனால் கும்மி வட்டத்தில் இடம் தந்தோம்.

இத்திட்டத்தால் பரிசு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பள்ளி விட்ட பின் தங்க முடிகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் கூட்டிப்போக வண்டியும் ஆளும் உள்ள பிள்ளைகள். அவர்களை மட்டும் மேடையேற்ற அரசுப் பள்ளி தேவையில்லை. அடுத்த நாடகத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும் முன், உங்கள் ஊருக்கு வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.