கம்ப்யூட்டரில் பைல் காணோம்னா பதறாதீங்க

(கணக்கு எழுதும் சகோதரிகளுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



இப்போ பல குழுக்களில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதுவதோடு வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைக்கிறோம். பிள்ளைகளின் சாதிச் சான்று, மார்க் ஷீட், கல்யாணப் போட்டோ எல்லாமே அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கு.

ஒரு நாள் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்து உள்ளே போறீங்க. நீங்க வைத்த படம் இல்லை, ஒரு பைலும் இல்லை. 'டெம்பரரி புரொபைல்' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வருது. பதினைந்து பேருடைய பணக் கணக்கு போச்சே என்று வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் அது போகவில்லை.

விண்டோஸில் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி புரொபைல் உண்டு. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பீரோ மாதிரி. நம்முடைய அமைப்புகளை எழுதி வைக்கிற ஒரு பைல் கெட்டுப்போனால் அந்த பீரோவைத் திறக்க முடியாது. உள்ளே இருக்கிற பொருள் அப்படியேதான் இருக்கும். வேலை நடக்கும்போது கரண்ட் போவது, ஹார்டு டிஸ்க் பழுதாவது, இப்படிப் பல காரணம்.

அந்தத் திரையில் புதுக் கணக்கு எதையும் ஏற்றாதீங்க. வெளியே வந்தவுடன் அதில் சேமித்தது அழிந்துவிடும். முதலில் ரீஸ்டார்ட் கொடுங்க, இரண்டு மூன்று தடவை. சில நேரம் ஆன்டிவைரஸ் குறுக்கே நின்றதால் வந்த கோளாறாக இருக்கும், தானே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? புது யூசர் உருவாக்கணும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ். விண்டோஸ் 10-ல் பேமிலி என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் இல்லாமலே சேர்க்க அங்கே வழி இருக்கு. சேர்த்த பிறகு அதை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று மாற்றுங்க. மாற்றாவிட்டால் பழைய பைல்களைத் திறக்க விடாது.

புதுப் பெயரில் நுழைந்து, சி டிரைவில் யூசர்ஸ் என்ற போல்டரைத் திறந்தால் உங்க பழைய பெயர் இருக்கும். அனுமதி கேட்கும், கன்டினியூ கொடுங்க. டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் இந்த நாலையும் காப்பி செய்யுங்க. கட் வேண்டாம். மறைந்திருக்கும் பைல்களையும் கொண்டுவராதீங்க. கெட்டுப்போனதே அதில் ஒன்றுதான்.

பிறகு கணக்குப் பைலைத் திறந்து, கடைசிக் கூட்டத்து மொத்தத்தைப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்க. ஒத்துப்போன பிறகும் பழைய யூசரை அவசரப்பட்டு நீக்க வேண்டாம். நீக்கும்போது 'டெலீட் அக்கவுன்ட் அண்ட் டேட்டா' என்று கேட்கும். அதை அமுக்கினால் பீரோவோடு சேர்த்து உள்ளே இருப்பதும் போய்விடும்.

கடைக்குக் கொண்டுபோனால் சில பேர் பார்த்தவுடனே "பார்மட் போட்டுடலாம்க்கா" என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம், நமக்குத்தான் நஷ்டம். "முதல்ல என் பைலை எல்லாம் பென் டிரைவில் எடுத்துக் கொடு தம்பி, அப்புறம் என்ன வேணா பண்ணு" என்று கறாராகச் சொல்லுங்க. ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் திருத்திப் பழைய புரொபைலையே மீட்கவும் முடியும். தெரிந்தவர் செய்யட்டும், வீடியோ பார்த்து நாம கை வைக்க வேண்டாம். புது யூசரும் கெட்டால் ஹார்டு டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்க.

சில நேரம் உள்ளேயே நுழைய விடாது. அப்போ வீட்டில் இன்னொரு அட்மினிஸ்ட்ரேட்டர் யூசர் இருந்தால்தான் மேலே சொன்னதைச் செய்ய முடியும். அதனால் கம்ப்யூட்டர் நல்லா இருக்கும்போதே இரண்டாவது யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. மாதக் கூட்டம் முடிந்த அன்றே கணக்கைப் பென் டிரைவில் ஏற்றி ஊக்குநரிடம் ஒன்று கொடுத்துவிடுங்க.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறையில் ஆளுக்கொரு தடவை புது யூசர் உருவாக்கிப் பார்ப்போம். பென் டிரைவ் கொண்டு வந்தவங்க எடுத்துட்டு வாங்க.