ஜித்தா எத்தனை மணி நேரம்?

(உம்ரா செல்வோருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



உம்ராவின் சட்டங்களை ஹஜ்ரத் அவர்கள் விளக்கிவிட்டார்கள். எனக்குத் தந்திருப்பது பயண நேரம் பற்றிப் பேசும் பொறுப்பு.

சென்னையிலிருந்து ஜித்தா வான்வழியில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து 4,170. நேரடி விமானம் என்றால் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். கொச்சியிலிருந்து போனால் வானத்தில் மிச்சமாவது இருபது நிமிடம்தான். ஆனால் கம்பம், உத்தமபாளையத்திலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். குமுளி வழியாகக் கொச்சி மிகவும் பக்கம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் டிக்கெட் விலையோடு இதையும் பார்க்க வேண்டும்; மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்களுக்கு மட்டும் என் யோசனை பொருந்தாது. மதுரையிலிருந்து துபாய் வழியாகப் போவோருக்கு துபாய் வரை 2,950 கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். அங்கே காத்திருந்து இன்னொரு விமானம் ஏற வேண்டும்.

இப்போது உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். காலை 10.00 புறப்பாடு, பகல் 1.15 ஜித்தா என்று இருந்தால் மூன்றேகால் மணி நேரப் பயணம் என்று எண்ணாதீர்கள். சவூதியின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் இறங்கும்போது இங்கே மாலை 3.45. சர்க்கரை நோயாளிகள் மூன்று மணி நேரம்தானே என்று சாப்பாட்டையும் மாத்திரையையும் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இறங்கும்வரை பெரிய பெட்டி உங்கள் கைக்கு வராது.

இஹ்ராம் துணியும் அப்படித்தான். விமானம் நிமிடத்துக்குப் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் பறக்கிறது. மீகாத் எல்லை வானத்திலேயே கடந்துபோகும், ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே. அறிவிப்பு வந்த பிறகு கழிப்பறை வாசலில் வரிசை நின்றால் அதற்குள் எல்லை தாண்டிவிடும். எனவே விமான நிலையத்திலேயே உடுத்திக்கொள்ளுங்கள். நிய்யத்தும் தல்பியாவும் எப்போது என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, என் சொந்தக் குடும்பத்தில் நடந்தது. மாமாவின் டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருந்தது. பதினைந்தாம் தேதி இரவு என்று நினைத்து அன்று சாயங்காலம் நிதானமாகப் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் முந்தைய இரவே போயிருந்தது. மாமி அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். புது டிக்கெட்டுக்கு நகையை அடகு வைக்க வேண்டியதாயிற்று. 00.30 என்றால் நீங்கள் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து கொச்சிக்கு என்றால் அன்று மதியமே வண்டி கிளம்பிவிட வேண்டும்.

திரும்பும்போது மேலே மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுவீர்கள். அழைக்க வருகிறவர்களிடம் இந்திய நேரத்தைச் சொல்லுங்கள்.

டிக்கெட் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, வீட்டிலிருந்து கிளம்பும் தேதியையும் நேரத்தையும் மேலே எழுதித் தருகிறேன்.