மூன்றாவது முடிவு எங்கே?



நம் படங்கள் மனநோயாளியைக் கேலி செய்கின்றன என்ற குறை பழையது, நியாயமானதும்கூட. ஆனால், அந்தக் கேலியைவிடக் கெடுதல் செய்வது கதையின் முடிவுதான் என்கிறேன் நான். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யில், விபத்தில் நினைவிழந்த பெண்ணை வைத்தியர் ஒருவர் ஒரே நாளில் மீட்டுவிடுகிறார். 2005இல் வந்த 'சந்திரமுகி'யில் மனநல மருத்துவரே ஒரு நாடகம் நடத்தி, ஒரே இரவில் நோயைத் தீர்த்துவிடுகிறார். அதே ஆண்டு வந்த 'அந்நியன்' படத்தின் நாயகனோ, குணமாகிவிட்டான் என்று வெளியே விட்ட பிறகும் கொல்கிறான். ஆக, நோய் மாயம்போலத் தீரும், இல்லையேல் தீரவே தீராது. பலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போய், பிள்ளைகளையும் வளர்க்கிறார்களே, அவர்களின் கதை எங்கே?

"சினிமா என்ன மருத்துவக் கல்லூரியா?" என்று கேட்பீர்கள். சர்க்கரை நோயைப் பற்றிப் படம் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். மனநோயையோ நாம் மறைத்து வைக்கிறோம்; அதனால் திரையில் பார்த்ததே பலருக்குத் தெரிந்ததெல்லாம். ஓரிரவில் தீரும் என்று நம்பும் குடும்பம் மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் பொறுத்திருக்குமா? அற்புதம் நடக்கும் இடத்தைத் தேடித்தானே போகும்! அப்படி ஓர் இடத்தை 1999இல் 'சேது' படத்தில் பார்த்தோம். நாயகனுக்காக அழுதோம், அவன் காலில் கிடந்த சங்கிலியைக் கேள்வி கேட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அந்தத் தீயைச் சினிமா மூட்டவில்லை. ஆனால், சங்கிலியைக் கதையின் சோகமாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அது குற்றமாகத் தெரியவில்லை.

"மாத்திரை சாப்பிடுவதில் என்ன நாடகம் இருக்கிறது?" என்பார் தயாரிப்பாளர். உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிடலாமா என்ற ஊசலாட்டம், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்ற தவிப்பு, இவற்றைவிடப் பெரிய நாடகம் உண்டா? சங்கிலியிடுவதையும், மயக்க மருந்து தராமல் மின் அதிர்ச்சி கொடுப்பதையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தடைசெய்துவிட்டது. சட்டம் வந்த தூரத்துக்குக் கதையும் வர வேண்டாமா? நான் தடை கேட்கவில்லை, தணிக்கை கேட்கவில்லை. எழுத்தாளர்களே, இயக்குநர்களே, நோயோடும் மருந்தோடும் கௌரவமாக வாழ்கிற ஒரு மனிதரைக் கதையின் நடுவில் நிறுத்துங்கள். அப்படி ஒரு படம் ஓடினால், நோயை மறைத்து வைத்திருக்கும் குடும்பம் ஒன்றாவது மருத்துவரிடம் போகத் துணியும்.