கடன் தலைக்குள் பிடிக்கும் இடம்
(லிட்டில் இந்தியாவில் நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, கிடைத்த ஓய்வு நாளில் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். "இவங்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது, யோசிக்காம கடன் வாங்குவாங்க, பிள்ளைகளுக்கும் கவனம் பத்தாது." இந்தப் பேச்சை நாம் கேட்காத இடம் இல்லை. வெளியார் மட்டுமா சொல்கிறார்கள்? கொஞ்சம் வசதி வந்துவிட்ட நம் சொந்தக்காரர்களும்தான் சொல்கிறார்கள். இது உண்மையா என்று பார்ப்போம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் திட்டமிடுவது, கவனத்தை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, அவசரத்தை அடக்குவது எல்லாம் செய்கிறது. ஆபத்தைக் கண்டால் மணி அடிக்கும் பகுதி வேறு. அது உள்ளே, பாதாம் பருப்பு அளவில் இருக்கிறது. பேருந்து மோத வரும்போது அந்த மணி அடித்தால்தான் உயிர் பிழைப்போம். ஆனால் நாளெல்லாம், மாதமெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தால், கார்டிசால் போன்ற சுரப்புகள் ஏறி, நெற்றிப் பகுதியின் வேலை மந்தப்படுகிறது. நோயாளிக்கு மட்டும் வருவதல்ல இது. நியூயார்க்கில் தேர்வுக்கு ஒரு மாதமாகப் படித்துக் களைத்த 20 மருத்துவ மாணவர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது. ஆரோக்கியமான, கெட்டிக்கார மாணவர்கள். அவர்களுக்கே கவனத்தை மாற்றும் திறன் குறைந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்வெடுத்தபின் சரியாகிவிட்டது. போனது திரும்பி வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ மாணவருக்குத் தேர்வு என்றைக்காவது முடிந்துவிடும். கடன்காரனுக்கு முடிவதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாமல், நகையை அடகு வைத்து ஓட்டும் காலத்தில் ஒரு தடவையும், கரும்புப் பணம் வந்தபின் ஒரு தடவையும் அதே ஆளுக்கே புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்தபின் அவர் நன்றாகச் செய்தார். இதற்குப் பதற்றம் ஒன்றே காரணம் அல்ல, பணக்கவலை மனத்தின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆள் அதே ஆள்தான். மாறியது சுமை.

இனி நம் ஊருக்கு வருவோம். மெதடிஸ்ட் சமூக நல அமைப்பு, நெடுநாள் கடனில் இருந்த வசதி குறைந்த குடும்பங்களுக்கு 5,000 வெள்ளி வரை கடனை அடைத்துக் கொடுத்தது. அதில் 196 பேரை சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். வரிசையாக உருவங்கள் வரும். பக்கத்தில் இருப்பவற்றைக் கண்டுகொள்ளாமல் நடுவில் இருப்பதை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கடன் இருந்தபோது 100க்கு 17 பிழை. அடைந்தபின் 4. கடும் பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தவர்கள் 78 விழுக்காட்டிலிருந்து 53 ஆனார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. எவ்வளவு வெள்ளி அடைந்தது என்பதைவிட, எத்தனை இடத்துக் கடன் ஒழிந்தது என்பதுதான் மூளைக்குப் பெரிதாக இருந்தது. அதே தொகையில் ஒரே கடன் குறைந்தவரைவிட, மூன்று கணக்கு முழுதாக மூடப்பட்டவர் அதிகம் தெளிந்தார். வீட்டில் உள்ளவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மின்கட்டணப் பாக்கி, நகர மன்றக் கட்டணம், கைபேசி பில், தவணையில் வாங்கிய பிரிட்ஜ், சிராங்கூன் சாலையில் அடகு வைத்த சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. ஒவ்வொரு தேதியும் தலைக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை வீட்டுப்பாடம் கேட்கும்போது அப்பா எரிந்து விழுகிறார் என்றால், அங்கே வேறு ஐந்து பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வரும் நம் கட்டுமானத் தம்பிகளையும் நினைத்துப் பாருங்கள். உயரத்தில் நின்று வேலை செய்பவருக்குக் கவனம் சிதறினால், பிழை தாளில் விழுவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இரக்கம் அல்ல. உதவி கேட்டு வருபவரை, ஒரே கதையை நாலு அலுவலகத்தில் நாலு படிவத்தில் சொல்ல வைக்காதீர்கள். ஒரு நாள் தாமதத்துக்குக் கட்டணம் மேல் கட்டணம் ஏற்றாதீர்கள். மறந்துவிட்டவரைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதி வைக்காதீர்கள். இது சலுகை அல்ல, நியாயம்.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. எத்தனை இடத்தில் பாக்கி என்று ஒரே தாளில் எழுதுங்கள். சிறிய பாக்கிகளில் ஒன்றையாவது முழுதாக மூடப் பாருங்கள். ஆனால் வீட்டுத் தவணையையும், வட்டி ஓடும் கடனையும் அதற்காக விட்டுவிடக்கூடாது. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. 2015 அக்டோபரிலிருந்து இதுதான் சட்டம். கடன்முதலை பக்கம் போகவே வேண்டாம். உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கோ சிண்டாவுக்கோ அந்தத் தாளை எடுத்துப் போங்கள். தூக்கம் கெட்டு, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 1767 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்; எந்த நேரமும் எடுப்பார்கள்.

கணவன்மாரே, பாக்கியை மனைவியிடம் மறைக்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அம்மாமார் சிரிப்பதைப் பார்த்தால், மறைப்பது இரண்டு பக்கமும் இருக்கிறது போலிருக்கிறது. சரி, இப்போது கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையில் கை தூக்கிய அக்கா முதலில் கேளுங்கள்.