காசநோய்: மறைக்க வேண்டிய நோயா?

(பங்குப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வு நாளில் நம் பங்கின் நலப்பணிக் குழுவினர் ஆற்றிய உரை)

 

விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆனாலும் இத்தனை பேர் ஒன்றாகக் கூடும் நாள் வேறு எப்போது வாய்க்கும்? ஆகவே பங்குத்தந்தையின் அனுமதியோடு இந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

நம் கோவிலில் கை நிறைய ரோசாப் பூக்களோடு நிற்கும் குழந்தை தெரேசம்மாள் எந்த நோயால் இறந்தார் என்பது உங்களுள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு அவர் படுக்கையில் இரத்தம் கக்கினார். மறு ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் காலமானபோது அவருக்கு வயது 24. லூர்து மாதாவின் காட்சி பெற்ற பெர்னதெத்தம்மாளையும் 1879இல் இதே நோய்தான் கொண்டுபோயிற்று. அவருக்கு அது முழங்கால் எலும்பையும் பிடித்தது. இவ்விருவருக்கும் நாம் மாலை போடுகிறோம், பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரை வைக்கிறோம். அதே நோய் நம் வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

வீடு சந்திக்கப் போகும்போது நாங்கள் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: “அக்கா, மெதுவாப் பேசுங்க. பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம். வெளியே தெரிஞ்சா யாரு வருவா?” அந்தத் தாயின் கவலையைப் பரிகசிக்க நாங்கள் தயாராயில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும். ஆனால் மறைத்து வைத்த இருமல், பாயைப் பகிர்ந்து படுக்கும் தங்கைக்கும் மடியில் கிடக்கும் பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. மறைப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோயால் பீடிக்கப்பட்டனர், 12½ இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோயுற்றவர்களில் நால்வருக்கு ஒருவர் இந்தியர். 2025க்குள் இதை நாட்டிலிருந்து ஒழிப்பது என்று நம் அரசு குறிக்கோள் வைத்தது. அது கைகூடவில்லை.

என்புருக்கி, க்ஷயம் என்று முன்னோர் அஞ்சிய இந்நோய் சாபத்தாலோ பரம்பரையாலோ வருவதன்று. இதற்குக் காரணம் ஒரு கிருமி என்று இராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் எடுத்துக்காட்டினார். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும், உரக்கப் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் அது நெடுநேரம் மிதக்கும். திறந்த சன்னலும் வெயிலும் அதற்குப் பகை. தட்டு, தம்ளர், துணி இவற்றால் காசநோய் பரவாது. ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டு வைத்துவிட்டு, சன்னலைச் சாத்தி எல்லாரும் ஒரே அறையில் படுப்பது தலைகீழான காவல்.

கிருமி உள்ளே போன எல்லாரும் நோயாளி ஆவதில்லை. பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஒருவரைத்தான் வாழ்நாளில் அது வீழ்த்துகிறது. யாரை வீழ்த்தும்? அரைவயிற்றுச் சோறு உண்பவரை, சர்க்கரை வியாதிக்காரரை, பீடியும் குடியும் பழகியவரை, கல் உடைக்கும் தூசியில் உழைப்பவரை, எச்.ஐ.வி. உள்ளவரை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம். இவற்றுள் ஒன்று இருந்தாலும் சளியைச் சோதிக்க வேண்டும். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கி ஒரு மாதம் குடிக்கிறோம். பிறகு இன்னொரு டானிக்.

சோதனைக்குச் சளி கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, “ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்” என்று திரும்பி வருகிறார்கள். எச்சிலில் என்ன தெரியும்? காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளியைத்தான் டப்பாவில் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அதை மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தார்கள். ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் அதில் கண்ணுக்குப் படும். சீபிநாட் என்றும், நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் என்றும் சொல்லப்படும் கருவிகள் நூறு இருநூறு கிருமிகள் இருந்தாலே காட்டிக்கொடுக்கின்றன. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அக்கிருமி அடங்குமா, அடங்காதா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன. அரசு நிலையங்களில் இதற்குக் காசு இல்லை. கழுத்தில் கட்டி, முதுகெலும்பில் வலி என்று வேறிடத்தில் வரும் காசநோய்க்குச் சளி மட்டும் போதாது. அங்கே மருத்துவர் சொல்லும் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

இனி மருந்து. நம் பாட்டனார் காலத்தில் மருந்தென்று ஒன்று இல்லை. நல்ல காற்றும் ஓய்வும் உணவும்தான் வைத்தியம். அதற்காகவே மிஷன்கள் சேர்ந்து மதனப்பள்ளி ஆரோக்கியவரத்தில் 1915இலும், டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் 1928இலும் சானடோரியங்களைத் திறந்தார்கள். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோநயாசிட் மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. ஆனால் இத்தனை இலட்சம் ஏழைகளுக்குப் படுக்கை எங்கே?

இக்கேள்விக்கு விடை கிடைத்தது நம் சென்னையில்தான் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நெருக்கமான குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பிரிவை வீட்டிலேயே விட்டார்கள். இரு பிரிவுக்கும் ஓராண்டு ஒரே மருந்து. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் சத்துணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு வழக்கமான கஞ்சிதான், வழக்கமான நெருக்கடிதான். 1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு. வீட்டில் வைத்துப் பார்த்ததால் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்றியிருந்தால் அது மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றியிருந்தது. உலகமெங்கும் காசநோயாளியை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்ற வழி இதனால் திறந்தது. ஆகவே மருந்து சாப்பிடும் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும் மாமியார்களுக்குச் சொல்கிறோம்: அஞ்ச வேண்டியது மருந்து சாப்பிடாத இருமலுக்கு.

இப்போது சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். சிக்கல் இரண்டாம் மாதத்தில் வருகிறது. அதற்குள் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், ஆள் தேறிவிடுவார். “சுகமாயிற்று, இன்னும் எதற்கு மாத்திரை?” என்று வேலைக்குப் போய்விடுவார். அப்போது சுறுசுறுப்பான கிருமிகள்தாம் செத்திருக்கும். தூங்கும் கிருமிகள் கிடக்கும். அவற்றைக் கொல்லத்தான் மீதி நான்கு மாதம். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகி, பிறகு வேறு கடுமையான மருந்துகளைத் தேடிப் போக வேண்டியதாகும்.

சிறுநீர் சிவப்பாகப் போவதைக் கண்டு இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம், அவ்வளவே. ஆனால் கண் மஞ்சளானாலும், விடாது வாந்தி எடுத்தாலும், பார்வை மங்கினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தாமாக மாத்திரையைக் குறைப்பதும் கூட்டுவதும் வேண்டாம்.

சேத்துப்பட்டில் கஞ்சி குடித்தவர்களும் குணமானார்கள் என்றால் உணவு முக்கியமில்லையா என்று கேட்கலாம். மருந்து கிருமியைக் கொல்லும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. யார் நோயில் விழுகிறார்கள் என்பது வேறு கேள்வி. ஜார்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது என்று 2023இல் தெரிவித்தார்கள். எடை கூடிய நோயாளிகள் இறப்பதும் குறைந்தது. சத்துணவுக்காக மைய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ஆக்கியது. இது நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு இல்லாமல் தவிப்பவர்களுக்கு உதவ நம் இளைஞர்கள் முன்வரலாம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், பிடியின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். நிலை மோசமானவர்களைத் தாமதமின்றிப் படுக்கையில் சேர்க்கிறார்கள். “நடமாடிக்கொண்டுதானே இருக்கிறார்” என்று நாம் அலட்சியமாக இருக்கும் ஆட்கள்தாம் முதல் சில வாரங்களில் இறந்துபோகிறார்கள்.

பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று கண்டார்கள். ஆனால் சிசுக்களுக்கு மூளைக் காய்ச்சலாக வரும் கொடிய காசநோயிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. ஆகவே தவறாமல் போட வேண்டும். போட்டாயிற்று, இனி வராது என்றும் இருந்துவிடக் கூடாது. வீட்டில் ஒருவருக்கு நோய் தெரிந்தால் மற்ற அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோயில்லாதவர்களுக்கும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், தடுப்பு மாத்திரை உண்டு.

இன்று பங்கு மண்டபத்தில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் மாலை வரை இருப்பார்கள். சளி டப்பாக்கள் அவர்களிடம் உள்ளன. கூட்டத்தில் வாங்கக் கூச்சப்படுகிறவர்கள் எம் குழுவினரிடம் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம், மறுநாள் காலை நாங்களே எடுத்துச் செல்கிறோம். முடிவு உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும். பெண்பிள்ளை உள்ள வீடுகளுக்கு எம் சகோதரிகள் மட்டும் வருவார்கள்.